ஆச்சி, அப்பத்தா, அம்மாயி: இந்த வாரக் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், தொண்ணூற்றாறு வயதில் மறைந்த தன் பாட்டியைப் பற்றி ஒரு வாசகி எழுதிய கடிதத்தை இந்தப் பகுதியில் வெளியிட்டிருந்தோம். வீட்டுக்கு வந்தவர் யாரையும் சாப்பிடாமல் அனுப்பாத பாட்டி. எழுபதைத் தாண்டிய பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் பத்ரிநாத்துக்குக் கிளம்பிப் போய் வீட்டையே கலங்கடித்த பாட்டி. அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாட்டிகள்தான். அரசியல், சினிமா, கிரிக்கெட் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வாசகி, திருநெல்வேலி: எங்கள் ஆச்சி 97 வயதில் தவறிவிட்டார். முதலாண்டு நினைவு நாளுக்குப் பேரன் பேத்திகள் சேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று முடிவு செய்தோம். எழுத உட்கார்ந்தால் 'பாசமே உருவானவர், தியாகச் சுடர்' என்றே வருகிறது. எப்படித்தான் எழுதுவது?

முதலில் அந்தச் சுடரை அணையுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அச்சகத்துக்காரரே எழுதித் தருவார், எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். புத்தகத்தில் உங்கள் ஆச்சிக்கு மட்டுமே பொருந்துவது வேண்டும். அதற்கு அவர் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு, அவர் என்னென்ன செய்தார் என்று எழுதுங்கள். 'தாராள மனசு' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. யாருக்குக் கொடுத்தார், எதைக் கொடுத்தார், கொடுத்த அன்றைக்குக் கையில் எவ்வளவு இருந்தது, தாத்தாவுக்குத் தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா, கொடுத்தது திரும்பி வந்ததா, வராதபோது வாசலில் நின்று திட்டினாரா? இவ்வளவையும் எழுதினால் 'தாராளம்' என்ற சொல்லே தேவைப்படாது.

தியாகம் என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. ஒரு பெண் தன் விருப்பத்துக்குச் செய்ததையும் வேறு வழியில்லாமல் செய்ததையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. உங்கள் ஆச்சி சங்கிலியை விற்று மகனைப் படிக்கவைத்தார் என்றால், விற்கச் சொன்னது யார், அவரே முடிவெடுத்தாரா, அதற்கப்புறம் வேறொரு சங்கிலி வாங்கினாரா என்று விசாரியுங்கள். சில ஆச்சிகள் அடுத்த இரண்டாவது வருடமே சீட்டுப் போட்டு, விற்றதை விடக் கனமாக ஒன்று வாங்கியிருப்பார்கள். அதை எழுதினால்தான் அவருக்கும் மரியாதை.

குடும்பத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தால் ஒரே நாலு கதைதான் சுற்றிச் சுற்றி வரும். பால்காரர், பத்துப் பாத்திரம் தேய்த்தவர், எதிர் வீட்டுக்காரர், கோயில் பூக்கடைக்காரர் என்று வெளியே போய்க் கேளுங்கள். பழைய மொய் நோட்டு இருந்தால் அது தங்கம். உங்கள் வீட்டு நோட்டில் வந்தது இருக்கும், உறவுக்காரர் வீட்டு நோட்டுகளில் ஆச்சி செய்தது இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மளிகைக் கணக்கு, மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, போட்டோவின் பின்னால் பென்சிலில் கிறுக்கியது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே சம்பவத்தை மாமா ஒரு மாதிரியும் சித்தி வேறு மாதிரியும் சொல்வார்கள். எது சரி என்று பஞ்சாயத்து வைக்கவேண்டாம், இரண்டையும் அச்சடித்துவிடுங்கள்.

வாசகர், திண்டுக்கல்: எங்கள் தொகுதியின் முதல் எம்.பி. ஒரு பெண் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?

உண்மைதான். 1952 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் திண்டுக்கல்லில் நின்று வென்றவர் அம்மு சுவாமிநாதன். பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையின் வடக்கத்து வீட்டில் 1894-ல் பிறந்தவர், வீட்டின் கடைக்குட்டி, தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார், பள்ளிக்கூடப் படிப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை. பதின்மூன்று பதினாலு வயதில், தன்னைவிட இருபது வயது மூத்த வக்கீல் சுவாமிநாதனுக்கு மனைவியானார். அந்தக் கல்யாணத்துக்குச் சிறுமி போட்ட நிபந்தனைகள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன: சென்னைக்குப் போகவேண்டும், இங்கிலீஷ் படிக்க ஆள் வைக்கவேண்டும், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய் என்று ஒருவரும் கேட்கக்கூடாது, ஏனென்றால் என் அண்ணன்மாரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் இது ஒரு குழந்தைத் திருமணம் என்பதையும் மறக்கவேண்டாம். அவரே மறக்கவில்லை. 1917-ல் சென்னையில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்த அமைப்புகளில் அதுவும் ஒன்று.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த பதினைந்து பெண்களில் அம்முவும் ஒருவர். 1949 நவம்பரில் அங்கே பேசும்போது, அரசியல் சட்டம் இவ்வளவு பெரிதாக இருக்கவேண்டுமா, கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்கிற அளவில் இருந்திருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார். வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து ரசீது வரை கைப்பையில் வைத்துப் பழகிய எந்தப் பெண்ணும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. 1978-ல் மறைந்தார். அவருடைய பெண்களில் ஒருவர் கேப்டன் லட்சுமி, இன்னொருவர் நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய். அக்கா தங்கை இரண்டு பேருமே 97 வயது வரை இருந்தார்கள்.

வாசகர், சென்னை: துணிச்சலும் கொடைக்குணமும் சேர்ந்த, நீண்ட காலம் வாழ்ந்த ஒரு பாட்டியைச் சொல்லுங்களேன். மகளின் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு வேண்டும்.

மேலே சொன்ன அம்முவின் மகள் லட்சுமியையே எடுத்துக்கொள்ளலாம், சென்னையில் பிறந்தவர் வேறு. ஒரே ஒரு கண்டிஷன்: பேச்சை 1945-ல் முடிக்கக்கூடாது. அவரைப் பற்றி நம் ஊரில் பேசுகிற எல்லாரும் ராணுவ உடை, துப்பாக்கி, நேதாஜி பக்கத்தில் நிற்கும் போட்டோ, அத்தோடு கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர் துப்பாக்கியோடு இருந்தது இரண்டு சொச்ச வருடம். ஸ்டெதஸ்கோப்போடு இருந்தது ஏறக்குறைய எழுபது வருடம்.

1914 அக்டோபர் 24-ல் பிறந்தார். ராணி மேரி கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, 1938-ல் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமா, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு விமானியோடு நடந்த முதல் திருமணம் ஒட்டவில்லை. 1940-ல் சிங்கப்பூருக்குப் போய் ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்காக ஒரு கிளினிக் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒத்துவராத கல்யாணத்திலிருந்து வெளியே வந்து, கடல் தாண்டிப் போய்க் கடை விரித்த இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றி மைலாப்பூரில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த வருடம் ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கி, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பை லட்சுமி ஏற்றார், 1943 அக்டோபரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அதில் நிறைய. உங்கள் மகளிடம் இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பேச்சுப் போட்டியில் யாரும் இடம் கொடுப்பதில்லை. பர்மாவில் தோல்வி, பின்வாங்கல், 1945-ல் பிரிட்டிஷார் கையில் பிடிபட்டு அங்கேயே காவல், 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ராணுவப் பதவி பிறகு உயர்ந்தும் ஜனங்கள் வாயில் 'கேப்டன்' மாறவே இல்லை.

இனிமேல்தான் பாட்டி கதை. 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சேகலைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிட்டிஷார் டெல்லி செங்கோட்டையில் நடத்திய முதல் வழக்கில் நின்ற, போஸின் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகள் மூவரில் ஒருவர் அவர். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். சில மாதத்தில் தேசப் பிரிவினை, ரயில் ரயிலாக அகதிகள். லட்சுமி வைத்தியத்தை மறுபடி அங்கேதான் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பது, கொடுக்க முடியாதவர்களிடம் காசு வாங்காமல் விடுவது, இதுதான் அடுத்த அரை நூற்றாண்டு. 1971-ல் வங்க அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது ஐம்பத்தாறு வயதில் மேற்கு வங்க முகாம்களுக்குப் போய் மருத்துவம் பார்த்தார். 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் கான்பூரில் சீக்கியர்களைத் தாக்கக் கும்பல் கிளம்பியபோது தெருவில் இறங்கிக் கும்பலுக்கு எதிரே நின்றார், அவர் கிளினிக்கைச் சுற்றியிருந்த பகுதியில் சீக்கியர் மீது கை வைக்க முடியவில்லை. அதே வருடம் டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததும் மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அப்போது வயது எழுபது. நம் வீட்டில் எழுபது வயதுப் பெண்மணியை மாடிப்படி ஏறவிடுகிறோமா?

2002-ல் இடதுசாரிக் கட்சிகள் அவரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தின, எதிரே அப்துல் கலாம். ராமேஸ்வரத்துக்காரரும் சென்னைக்காரரும் மோதிய அந்தத் தேர்தலில் முடிவு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், அவருக்கும் தெரியும். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366, இதெல்லாம் வாக்கு மதிப்பு. தோற்பதற்கென்றே எண்பத்தேழு வயதில் ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு, கான்பூர் திரும்பி மறுபடி நோயாளிகளைப் பார்த்தார். தொண்ணூறைத் தாண்டியும் காலையில் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். 2012 ஜூலை 23-ல் இறந்தார். உடலையும் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். அறுபத்தைந்து வருடம் வாழ்ந்த ஊரின் மருத்துவ மாணவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

ஐந்து நிமிடப் பேச்சு என்றால் ஒரு நிமிடம் பர்மாவுக்கு, நாலு நிமிடம் கான்பூருக்கு. பரிசு கிடைக்குமா தெரியாது, நடுவர்களுக்குத் துப்பாக்கிதான் பிடிக்கும்.

வாசகி, மதுரை: எங்கள் அப்பத்தா கை நிறையக் கொடுப்பார். ஆனால் வேலை செய்ய வருகிறவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனிக் குவளை வைத்திருந்தார். நினைவு மலரில் இதை எழுதலாமா என்று கேட்டதற்கு வீட்டில் பெரிய சண்டை.

எழுதுங்கள். தனிக் குவளையில் தண்ணீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். மலரில் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியாமல் போகும். 'அந்தக் காலம் அப்படி' என்று ஒரு வரியில் கடந்து போகாதீர்கள். அந்தக் காலத்திலும் அப்படி நடந்துகொள்ளாதவர்கள் இருந்தார்கள், சில சமயம் ஒரே வீட்டுக்குள்ளேயே.

கேப்டன் லட்சுமி சொல்லிவந்த ஒரு சம்பவம். சிறுமியாகக் கேரளத்தில் பாட்டி வீட்டில் இருந்தபோது, சுற்றியிருந்த காட்டுப் பக்கமிருந்து மனிதர்கள் கூவும் சத்தம் கேட்கும், அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பார் பாட்டி. ஒரு நாள் இந்தக் குழந்தை நேராகப் போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டிவந்துவிட்டது. பாட்டிக்கும் பேத்திக்கும் ரகளை, பேத்தி இறங்கிவரவில்லை. அந்தப் பாட்டியும் ஒரு பெரிய குடும்பத்தைத் தாங்கிய தாய்தான், அவர் பெற்ற பெண்தான் அம்மு. கொடுக்கிற கையும் தீட்டுப் பார்க்கிற கையும் ஒன்றாகவே இருந்தது என்பதுதான் உங்கள் அப்பத்தாவின் கதை, அதை இரண்டாக வெட்டினால் பாதி ஆள்தான் கிடைப்பார். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: அந்தக் கொல்லைப்புறத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் போய் அப்பத்தாவைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை மாற்றாமல் போடுங்கள், நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும்.

வாசகர், தஞ்சாவூர்: போன மாதம் தவறிய அப்பாயிக்கு 100 வயது என்கிறார் பெரியப்பா. 90 என்கிறார் அப்பா. ஆதாரில் ஜனவரி 1 என்று ஏதோ போட்டிருக்கிறது. தாத்தாவின் நோட்டில் 'யுவ வருஷம் ஆவணி' என்று இருக்கிறது. கல்வெட்டில் எதைப் போடுவது?

நோட்டை நம்புங்கள். யுவ வருஷம் என்பது 1935 சித்திரையில் தொடங்கியது, ஆவணி என்றால் 1935 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். அறுபது வருஷச் சுற்று என்பதால் அதற்கு முந்தைய யுவ 1875, பிந்தையது 1995, இரண்டுமே உங்கள் அப்பாயிக்குப் பொருந்தாது. ஆகவே அப்பா ஜெயித்தார். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால், பெரும்பாலும் பிறந்த தேதி தெரியாமல் வயதை மட்டும் உத்தேசமாகச் சொல்லிப் பதிந்தார்கள் என்று அர்த்தம், நம் முதியவர்களில் ஏகப்பட்ட பேருக்குப் புத்தாண்டு அன்றுதான் பிறந்தநாள்.

நோட்டு இல்லாத வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக: பெரிய சம்பவங்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகவேண்டியதுதான். தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர், நாகப்பட்டினம் புயல் 1977 நவம்பர், நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். புயலடித்தபோது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்பது பாட்டிகளுக்கு மறக்காது. முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில், 1952-லும் 1957-லும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. 'பெட்டி பெட்டியாக வைத்திருந்தான், நான் போட்டேன்' என்று ஒரு பாட்டி சொன்னால் அப்போது அவருக்கு 21 ஆகியிருக்கவேண்டும், 18 வயதில் ஓட்டு என்பது 1989-ல்தான் வந்தது. அப்படியானால் அவர் 1935 வாக்கிலோ அதற்கு முன்போ பிறந்தவர். பெரியப்பாவைச் சமாதானப்படுத்தும் வேலை உங்களுடையது, நூறு என்பது ரவுண்டாக இருக்கிறது, விட மனசு வராது.

வாசகர், கோயம்புத்தூர்: கடைசி வருடங்களில் தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு 10 சென்ட் இடத்தைக் கொடுத்துவிட்டதாக அம்மாயி எல்லார் முன்னாலும் சொன்னார், எழுதி வைக்கவில்லை. இப்போது மாமாக்கள் 'கிழவி ஏதோ சொல்லிட்டுப் போயிருச்சு' என்கிறார்கள்.

கொடுக்கும் உரிமை அம்மாயிக்கு இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, ஒரு பெண்ணின் கையில் இருக்கும் சொத்துக்குப் பொதுவாக அவரே முழு உரிமையாளர், மகன்களைக் கேட்டுக்கொண்டு கொடுக்கவேண்டியதில்லை. சிக்கல் கொடுத்த விதத்தில். நகையைக் கையில் எடுத்துக் கொடுத்தாலே போதும், நிலத்துக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இல்லையென்றால் உயிலாவது எழுதியிருக்கவேண்டும். உயிலைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை, ஆனால் அதற்கும் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். எதுவும் இல்லாததால் அந்த இடம் இப்போது மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்காக வந்து நிற்கிறது, கணவர் உயிரோடு இருந்தால் அவருக்கும், முன்னமே இறந்துபோன பிள்ளை யாராவது இருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

மகள்களுக்கும் என்று சொன்னதைக் கவனித்தீர்களா, உங்கள் அம்மாவும் பங்குதாரர். வாரிசுகள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் அவர்களே சேர்ந்து அந்தப் பெண்ணின் பெயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். மாமாக்கள் மசியாவிட்டால் உங்கள் அம்மா தன் பங்கையாவது கொடுக்க முடியும், ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நினைவு மலர் போடும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவை முத்திரைத்தாளுக்குப் போடுங்கள், மலரை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாவட்டத்திலேயே மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் இருந்தார். சின்ன வயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், பாட்டி விட்டுப்போன கடையை நடத்தி, அந்த லாபத்தில் நிலம் வாங்கி, நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கியவர். 2021-ல் பத்மஸ்ரீ, 2024 செப்டம்பரில் மறைந்தார். நிலம் யார் சம்பாதித்தது என்ற கணக்கு அந்தப் பக்கத்துப் பாட்டிகளுக்கு நன்றாகவே தெரியும், மாமாக்களிடம் சொல்லிப் பாருங்கள்.

வாசகி, கிள்ளான், மலேசியா: என் பாட்டி 1950-களில் நாகப்பட்டினத்தில் இரண்டு குழந்தைகளோடு தனியாகக் கப்பலேறி இங்கே தாத்தாவிடம் வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கப்பலிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த வருடங்களில் வந்தார் என்றால் பெரும்பாலும் 'ரஜூலா'வாகத்தான் இருக்கும். 1926-லிருந்து 1970-களின் ஆரம்பம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, உங்கள் ஊர்த் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்த கப்பல். உங்கள் துறைமுகத்துக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர், பழைய தாள்களில் அப்படித்தான் இருக்கும், 'கிள்ளான்' என்று தேடினால் கிடைக்காது. பெரும்பாலான பயணிகள் டெக் டிக்கெட்காரர்கள். அறை கிடையாது, தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கவேண்டியதுதான். ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே வாந்தியும் உப்புக் காற்றுமாக. இறங்கினாலும் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது, தொற்றுநோய் பயத்தில் தனிமை முகாமில் வைப்பார்கள், பினாங்கு பக்கம் ஜெரஜாக் தீவு அதற்குப் பேர்போனது. இரண்டு குழந்தைகளோடு இதையெல்லாம் தனியாகத் தாண்டி வந்தவர் அதைப் பற்றிப் பேசாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பழைய பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்றிதழ், தகர டிரங்குப் பெட்டியின் மேல் பெயின்ட்டில் எழுதிய பெயர், ஏறுவதற்கு முன் எடுத்த ஸ்டூடியோ போட்டோ, இதெல்லாம் வீட்டில் எங்காவது இருக்கும். பாட்டியோடு வந்த அந்த இரண்டு குழந்தைகளில் ஒருவர் இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கப்பல் சமையலறை வாசனைகூட நினைவிருக்கும்.

உங்கள் நாட்டில் ஜானகி ஆதி நாகப்பன் இருந்தாரே, கோலாலம்பூரின் வசதியான வீட்டுப் பெண், பதினெட்டு வயதில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அப்பாவோடு போராடி ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர். பிறகு மலேசியாவில் செனட்டர், இந்தியா 2000-ல் பத்மஸ்ரீ கொடுத்தது, 2014 வரை இருந்தார். அவரைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு, பேட்டிகள் உண்டு. டெக்கில் வந்த உங்கள் பாட்டிக்கு நீங்கள்தான் எழுதவேண்டும்.

வாசகர், ஈரோடு: எங்கள் அப்பத்தா நல்லபடியாக இருக்கிறார், 89 வயது. போனில் ரெக்கார்டரை ஆன் செய்து 'உங்க கதையைச் சொல்லுங்க' என்றால் 'என்ன கதை, ஒண்ணுமில்ல' என்று எழுந்துபோய்விடுகிறார்.

நானாக இருந்தாலும் எழுந்துதான் போவேன். யாரையாவது உட்காரவைத்து 'உன் கதையைச் சொல்லு' என்றால் என்னத்தைச் சொல்வது? சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் புடவை எங்கே எடுத்தார்கள், எத்தனை ரூபாய், யார் தேர்ந்தெடுத்தது. முதன்முதலில் தன் கையில் சொந்தமாகக் காசு வந்தது எப்போது, அதில் என்ன வாங்கினார். வீட்டுக்குத் தெரியாமல் போன இடம் எது. மாமியாரை எதிர்த்துப் பேசிய முதல் நாள். கேட்கும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரியுங்கள், முருங்கைக் கீரை ஆயுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாக வரும். பழைய ஆல்பத்தைக் கொடுத்தால் இன்னும் நல்லது, போட்டோவில் இருக்கிற இன்னொருத்தி மேல் ஏதாவது ஒரு மனத்தாங்கல் இருக்கும், அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். அப்புறம், அவருக்குத் தெரியாமல் ரெக்கார்ட் செய்யாதீர்கள். சொல்லிவிட்டுப் போனை ஓரமாக வையுங்கள், பத்து நிமிடத்தில் அவரே மறந்துவிடுவார். 'இதை மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டாதே' என்றால் காட்டாதீர்கள்.

வாசகி, சேலம்: 78 வயது மாமியார் தனியாகக் காசிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கணவர் விடமாட்டேன் என்கிறார். அனுப்பலாமா?

டாக்டர் சரி என்றால் அனுப்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்தே பனாரசுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகக் கொடுத்தால், இடம் இருக்கும் பட்சத்தில் கீழ் பெர்த் தானாகவே ஒதுக்கப்படும். முதியவர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம். தங்குவதற்குக் காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, முன்கூட்டியே போன் செய்து இடம் சொல்லிவையுங்கள். தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், தினமும் அங்கிருந்து விஸ்வநாதர் பூஜைக்குப் பொருட்களைச் சுமந்துகொண்டு 'சம்போ' என்று சொல்லிக்கொண்டே கிளம்புவார்கள், பார்க்கவேண்டிய காட்சி. கங்கைப் படித்துறைகள் செங்குத்தானவை, ஈரத்தில் வழுக்கும், ஒரு கைத்தடி கட்டாயம். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் பாதகமில்லை. சத்திரத்து விலாசமும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று அவர் இடுப்பில் இருக்கட்டும்.

துணைக்கு என்று சொல்லி மச்சினரைக் கோத்துவிடாதீர்கள். தனியாக என்று அவர் கேட்டது காரணத்தோடுதான் இருக்கும், என்ன காரணம் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம். முறைப்படி செய்வதாக இருந்தால் ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கை நீரை எடுத்துவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்யவேண்டும். ஆகவே திரும்பி வந்து இறங்குவதும் ராமேஸ்வரத்தில்தான், செம்பு கனமாக இருக்கும். ஸ்டேஷனுக்கு உங்கள் கணவரை அனுப்புங்கள், தூக்கிக்கொண்டு வரட்டும்.